அத்தையோடு மலையேறிய நாய்

நாய் பீ தின்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் ஜவ்வாது மலையிலும் அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. பிள்ளைகள் வேலியோரம் உட்கார்ந்து எழுவதற்குள் ஊர் நாய் ஒன்று பின்னால் வந்து நிற்கும். தாய்மார்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் என் அத்தையோடு மலையேறி வந்த செவலை அந்த ரகமல்ல. மற்றவர்கள் கழித்ததை அது முகர்ந்துகூடப் பார்க்காது. தான் கழித்ததைத்தான் தின்னும். கழித்த சூட்டோடு திரும்பி, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல அவசர அவசரமாகத் தின்று, மண்ணையும் நக்கித் துடைத்துவிட்டுத்தான் தலை நிமிரும். இப்படி ஒரு கண்றாவியை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். எங்கள் ஊருக்கு பஸ் வராத காலம் அது. மலையடிவாரத்துச் சந்தவாசலுக்குப் போவதென்றால் காட்டு வழியே நடந்துதான் இறங்க வேண்டும். அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. எங்கள் ஊரிலிருந்து கீழே வாழ்க்கைப்பட்டுப் போன முதல் பெண் அவள்தான். மாமா சந்தவாசலில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். தலையில் புளி மூட்டையோடு இறங்குகிற அப்பாவுக்கு அங்கே சுமையை இறக்கிவைக்க ஓர் இடமும், குடிக்க ஒரு டீயும், மச்சான் வந்துவிட்டார் என்று எழுந்து நிற்கிற ஒரு மனிதரும் கிடைத்தார்கள். அதுவரை அப்பாவுக்காகக் கீழே யாரும் எழுந்து நின்றதில்லை. அந்தப் பெருமையை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அப்பா ஓயமாட்டார்.

மாமா சுத்தக்காரர். நாள் முழுக்க கிரீஸில் கை வைக்கிறவர்தான், ஆனால் அவர் வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு பார்க்க முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்துத்தான் தண்ணீர் குடிப்பார். எங்களுக்கு அது அவமானமாகத் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான மனுஷன் நம் வீட்டுப் பாயில் உட்காருகிறாரே என்றுதான் அப்பாவும் அம்மாவும் பூரித்துப் போவார்கள். எனக்கு பன் ரொட்டி கொண்டுவருவார். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை அவரிடம் காட்டிய பிறகுதான் பன் கைக்கு வரும். அவர் என்றால் எனக்கு உயிர். நகத்தில் அழுக்கே சேராமல் பார்த்துக்கொள்வேன்.

புளி உலுக்கும் காலத்தில் ஒரு நாள் உச்சிப் பொழுதில் அத்தை தனியாக வந்து நின்றாள். காலில் செருப்பில்லை, கையில் பையில்லை. பின்னால் விலா எலும்பு தெரிய இந்த நாய். இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா அவளை வாசல் புங்க மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டாள். அடித்தானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேறு பெண் சகவாசமா? அதுவும் இல்லை. பிறகு என்னதான் என்றால் அத்தை தரையைப் பார்த்தாள்.

எங்கள் மலையில் புருஷன் பிடிக்காமல் தாய்வீடு வந்துவிடுவது குலம் கெடுகிற காரியமல்ல. ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு, பத்துப் பேர் மத்தியில் காரணத்தைச் சொன்னால் போதும், தீர்த்துவிடுவார்கள். அவள் வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு அதே ஊரில் நிம்மதியாக இருப்பாள். அத்தைக்கும் அது நடந்திருக்கும். ஆனால் பத்துப் பேர் மத்தியில் காரணத்தைச் சொல்ல வேண்டும். அத்தையோ அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவும் கேட்டுக் குடைய விரும்பவில்லை. ஏதோ கோபம், மாப்பிள்ளை வந்து கூப்பிட்டால் போய்விடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புளி உலுக்கப் போனார்.

வந்திருந்த நாட்களில் அத்தையிடம் சில விசித்திரங்கள் இருந்தன. வாசற்படல் சாத்தினால் அவளுக்கு ஆகாது. சிறுத்தை நடமாடுகிற ஊரில் படலைச் சாத்தாமல் எப்படித் தூங்குவது? அத்தை திறந்த படலுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வாள், நீ உள்ளே, நான் காவல் என்று என்னிடம் சொல்லி. அப்புறம் தண்ணீர். களியைத் தின்றுவிட்டு ஒரு வாய் நனைப்பாள், அவ்வளவுதான். வெயிலில் நாளெல்லாம் புளி பொறுக்கினாலும் ஒரு வாய்தான். உதடு வெடித்திருக்கும். தண்ணீருக்குப் பஞ்சமா வந்துவிட்டது என்று அம்மா திட்டுவாள். பழக்கமில்லை என்பாள் அத்தை. தண்ணீர் குடிக்க ஒரு பழக்கம் வேண்டுமா என்று நான் சிரித்தேன்.

செவலையின் சமாச்சாரத்தைக் கண்டுபிடித்தது நான்தான். ஊர் நாய்கள் அதைக் கிழித்துப் போட வந்ததால் அப்பா அதை ஆட்டுக் கொட்டகையில் அடைத்தார். படல் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். சாத்திய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உடம்பு உதறி, மூலையில் ஒதுங்கி, கழித்து, தின்றது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இதத்தான் பாத்துக்கினு இருந்தியா, அசிங்கம் புடிச்சவளே" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு ஊரே வந்து பார்த்தது. ஆளுக்கொரு வைத்தியம். அரிசிச் சோறு தின்று வளர்ந்த நாய், சாமைக் களி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உப்புக் குறைவு என்று களியில் உப்பை அள்ளிப் போட்டார்கள். வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை உருட்டி வாயில் திணித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே அவிழ்த்துவிட்டால் மட்டும் புதருக்குப் பின்னால் போய்விட்டு, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, மற்ற நாய்களைப் போலவே திரும்பி வந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தை மட்டும் அம்மாவிடம் கெஞ்சினாள். "அத அடைக்காதீங்க அண்ணி. வெளிய வுட்டா தின்னாது."

வெளியே விட்டால் ஊர் நாய்கள் குடலை உருவிவிடும் என்றாள் அம்மா. அம்மா சொன்னதும் நியாயம்தான்.

கடைசியாக அப்பா மிளகாய்த் தூள் வைத்தியம் செய்தார். கொட்டகை மூலையில் கைநிறையத் தூவிவிட்டு, காரம் பட்டால் இந்த ஜென்மத்துக்கு மறந்துவிடும் என்றார். நாங்கள் எல்லாரும் படல் இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தோம். செவலை தின்றது. தும்மிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, எச்சில் நூலாக ஒழுகியது, ஆனாலும் நிறுத்தாமல் தின்றது. மிளகாய் கலந்த மண்ணையும் நக்கி முடித்தது. அத்தை எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த மூலையிலேயே உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் போட்டு, முந்தானையால் அதன் நாக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். வாய்விட்டு அழுதாள். ஒரு நாய்க்காகவா இந்த அழுகை என்று அப்பா எரிச்சலோடு போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் பயமாகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று வெட்கமாகவும் இருந்தது.

மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பன் பொட்டலம். அப்பா ஊர்க்கவுண்டரை அழைத்துவந்தார். புங்க மரத்தடியில் பாய் விரித்து ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். அத்தை வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் நகத்தைக் காட்டி பன்னை வாங்கிக்கொண்டு மாமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா குரல் உயர்த்தவே இல்லை. என் மேல் தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். கை நீட்டியதில்லை, வேண்டுமானால் அவளையே கேளுங்கள் என்றார். கவுண்டர் கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினாள். "மலையில வளந்த பொண்ணுங்க அய்யா. சுத்தம் பத்தல. சொல்லிக் குடுத்தா கத்துக்கும்" என்றார் மாமா. அதைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கால்களையும் வேட்டியையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அப்பா முகம் சிவந்து, நாங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி, கொஞ்சம் பொறுத்துப் போங்கள் மாப்பிள்ளை என்றார். காரணத்தைச் சொல்லம்மா, பயப்படாதே என்று கவுண்டர் மறுபடி கேட்டார். நல்ல மனிதர் அவர், உண்மையாகத்தான் கேட்டார். அத்தை அத்தனை ஆம்பிளைகளின் முகத்தையும் பார்த்தாள், சொல்லவில்லை.

அப்போதுதான் செவலை கொட்டகைப் படலை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. அத்தையைத் தேடி வாசலுக்கு ஓடிவந்த நாய், மாமாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. நடுங்கிக்கொண்டே நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. விட்ட மறுகணம் தலையைக் குனிந்து, மாமாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, அந்த ஈர மண்ணை நக்கத் தொடங்கியது. கதவில்லை, கொட்டகையில்லை, நட்டநடு வாசல்.

"பழக்குனா நாய்கூட சுத்தம் கத்துக்குது பாருங்க" என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். அருவருப்பைத் தமாஷாக்கிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். நானும் சிரித்தேன், வாயில் பன் இருந்தது. அத்தை சிரிக்கிற யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"அண்ணா, அந்த நாயப் பாத்தியா?"

"பாத்தேன். கருமம்" என்றார் அப்பா.

அத்தை சுவரிலிருந்து நிமிர்ந்தாள். உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள். கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். செவலையைக் கூட்டிப்போக மாமா ஒப்பவில்லை. அவள் போகும்போது பின்னால் ஓடாமலிருக்க அப்பா அதைப் பிடித்துக் கொட்டகையில் அடைத்தார். உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் போகவில்லை, பன் தீராமல் இருந்தது.

அடுத்த புளிக்காலம் வருவதற்குள் அத்தை செத்துப்போனாள். காய்ச்சல் என்று மாமாவே ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் இறங்கிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் இருக்க இடமில்லாமல் கடைக்குப் பின்னால் டயரும் டியூபும் போட்டுவைக்கிற அறைக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தரை கழுவித் துடைத்ததுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூலையில் ஒரு கிழிந்த பாய், சுவர்ப் பொந்தில் அத்தையின் மரச்சீப்பு. கதவின் உள்பக்கத்தில், அடியில், நாய் நகத்தால் பிறாண்டின கோடுகள். அப்பா குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தடவினார். இங்கே எதற்கு அத்தையின் சீப்பு என்று கேட்டேன். அப்பா சீப்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சந்தவாசலில் சுமை இறக்கவில்லை. இன்னொரு அடிவார ஊரான படவேட்டுக்குச் சுற்றிக்கொண்டு போவார்.

ஊர் திரும்பியதும் செவலையை அவிழ்த்துவிட்டார். ஊர் நாய்கள் வந்தால் தானே கோலெடுத்து விரட்டினார். பிறகு யாரும் அதை அடைக்கவில்லை. அடைக்காததால் அது தின்னவும் இல்லை. இவ்வளவுதான் வைத்தியம்.

பல வருடம் கழித்து வேலூரில் நான் குடியிருந்தபோது, தெருவில் யாரோ விட்டுப்போன ஒரு நாய் இதே வேலையைச் செய்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனேன். பசி, பூச்சி, சத்துக் குறைவு, எதுவாகவும் இருக்கலாம் என்று சோதித்துப் பார்த்தவர், இதற்கு அதெல்லாம் இல்லை, எங்கேயோ நாள்கணக்கில் பூட்டிப் போட்டிருந்திருக்கிறார்கள் என்றார். வெளியே விடவும் மாட்டார்கள், உள்ளே கழித்தால் அடிப்பார்கள். பாவம், அடிக்குப் பயந்து தடயம் இல்லாமல் செய்துவிடப் பார்க்கும், அதுவே பழக்கமாகிவிடும் என்றார். நாயைப் பற்றித்தான் சொன்னார்.

சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த அந்த அறையில் நாய் மட்டும் இருக்கவில்லை. சுத்தம் கற்றுக்கொள்ள மாமா அத்தையையும் அதோடு போட்டுத் தாழிட்டிருக்கிறார். வெளியே ஒதுங்க வழியில்லாத பெண் என்ன செய்வாள்? நாய்க்குத் தெரிந்த வழி நாய்க்கு. அத்தை தனக்குத் தெரிந்த வழியைப் பழகிக்கொண்டாள்.

மாமாவோடு அவள் புறப்பட்ட மத்தியானம் கல் பொரிகிற வெயில். வழியில் ஊற்றெல்லாம் வற்றிப் போயிற்று, வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போ என்று அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அத்தை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். வேலியோரம் காத்து நின்ற மாமாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் செம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அத்தைக்குத் தாகமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பன் தின்று விக்கிக்கொண்டிருந்த நான் அந்தத் தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன்.