நாலாயிரத்துக்கு மேலே

ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்திருந்த பெயர் 'எதுக்கும்'. ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, குளிர்பதனக் கிடங்கு என்று இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்த எந்த மெஷினையும் ஒரே தடவையில் நம்பி விட்டுவிட்டு வந்ததில்லை. "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பார். டேங்க் நிறைய டீசல் இருப்பதாக முள் காட்டினாலும் குச்சியை விட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டில் இருக்கும் தேதியை மனைவி வாசித்துச் சொன்னால், கையில் வாங்கித் தானும் ஒரு தரம் வாசிப்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சந்தேகம் டிவி மேல் திரும்பியது. செய்தி வாசிக்கிறவர்கள் எல்லோரும் வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவதாக அவருக்குப் பட்டது.

"வேணும்னே சத்தத்தைக் கெடுத்து வைக்கிறான்" என்றார். "அப்பத்தானே நாம தனியா ஸ்பீக்கர் வாங்குவோம்?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியும், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவர் மனசில் குறித்து வைத்துக்கொண்டார்.

ஸ்பீக்கரும் வந்தது. அதிலும் அதே கொழகொழப்பு. பெட்டிக்குள் என்ன கண்றாவியை வைத்து மூடியிருக்கிறானோ, யார் கண்டது? கடைசியில் மெக்கானிக் தானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினார். சத்தத்தை எண்களாக மாற்றி, எங்கே குறைகிறதோ அங்கே கூட்டி, எங்கே இரைகிறதோ அங்கே தட்டி, மறுபடி சத்தமாக்கித் தருகிற போர்டு. டிஎஸ்பி என்பார்கள். தன் கையால் பற்றவைத்ததை மட்டும்தான் நம்ப முடியும் என்பது அவர் கட்சி.

நாலு மாசம் சாப்பாட்டு மேஜையின் பாதி அவருக்குப் போனது. மகளின் பழைய லேப்டாப்பில் சர்க்யூட் படம் வரைந்து, போர்டை வெளியே கொடுத்து அடித்து வாங்கினார். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். அதன் மூளையான சிப்போ விரல் நகம் அளவுதான். அதற்கு நாற்பத்தெட்டுக் கால்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில், உதிரிபாகம் விற்கிற அம்மாளிடம் அதை வாங்கினார்.

"ஒரிஜினல்தானே?"

"அண்ணே, இதோட நாலாவது தடவை கேக்குறீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, சிப்பின் முதுகைத் தேய்த்தார். போலிச் சிப்பாக இருந்தால் எழுத்து அழிந்து கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்கோ படித்திருந்தார். எழுத்து அசையவில்லை. அப்போதும் அவருக்கு அரை மனசுதான்.

பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவர் குனிந்திருக்கும்போது, சமையலறையில் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன ரகசியம்?"

"ஒரு ரகசியமும் இல்ல. சாப்பிட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"நீ கூப்பிடவே இல்ல."

ஒருநாள் ஒரு துண்டு மட்டும் காதில் விழுந்தது: "அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதம்மா." அவ்வளவுதான். மகள் யாரையோ விரும்புகிறாளா? வெளியூர் வேலைக்குப் போகப் போகிறாளா? இல்லை, மனைவிக்கே உடம்புக்கு ஏதாவதா? மருந்துக்கடைக்காரிக்கு வியாதியை மறைக்கவா தெரியாது? கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் மழுப்புவார்கள், பிறகு அந்த மழுப்பலையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். புகை வரவில்லை, சூடும் ஏறவில்லை. சோதனை ஒலியை ஓடவிட்டார். அடித்தொண்டை உறுமலில் தொடங்கி, சீட்டி மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகிற ஒலி. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் என்று, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதைக் காட்டும் எண் திரையில் ஓடியது. நாலாயிரம் தாண்டியதும் சத்தம் தேய்ந்து காணாமலே போனது. எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரை மாற்றினார். நாற்பத்தெட்டுக் கால்களையும் மறுபடி சூடு காட்டிப் பற்றவைத்தார். நாலாயிரத்துக்கு மேலே நிசப்தம். "மாட்டிக்கிட்டா" என்றார் மெக்கானிக், உதிரிபாகக் கடை அம்மாளை நினைத்து.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, போர்டைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"போலியைத் தலையில கட்டிட்டியேம்மா!"

அவள் போர்டை வாங்கி ஆறாயிரத்திலேயே ஒலியை நிலையாக வைத்து, அலை காட்டும் கருவியில் மாட்டினாள். பச்சைக்கோடு சீராக நெளிந்தது. "வருதே அண்ணே."

"கருவியும் உன்னோடதுதானே?"

ஸ்பீக்கரை இணைத்தாள். அடுத்த நொடி முகம் சுளித்துக் காதைப் பொத்தினாள். எதிர்க்கடையில் நின்ற ஒரு ஆள் திரும்பி, "யம்மா, அந்த விசிலை நிறுத்து" என்றார். மெக்கானிக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கூட்டு என்றுதான் முதலில் தோன்றியது.

"நீ சுவர் பக்கம் திரும்பி நில்லு. நான் போட்டுப் போட்டு அணைக்கிறேன். கேக்கும்போது மட்டும் கையைத் தூக்கு."

வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் திரும்பி நின்றாள். ஸ்விட்ச் தெரியாதபடி டப்பாவை மறைவாக வைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் போட்டார், அணைத்தார். பத்துக்குப் பத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்ப நீங்க திரும்புங்க அண்ணே."

ஷட்டரின் துருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கேட்டது போலத் தோன்றி இரண்டு தடவை கையைத் தூக்கினார். திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார், இரண்டும் தப்பு.

"ஜெனரேட்டர் ரூம்ல காதுக்கு ஏதாவது மாட்டிப்பீங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்தது.

"மாட்டினா மெஷின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்றவர், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். போலி என்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டில் சொன்னபோது மனைவி அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

"காது டாக்டர்கிட்ட போன மாசமே நாள் வாங்கியாச்சு" என்றாள். "உங்ககிட்ட யார் சொல்றதுன்னுதான் ரெண்டு பேரும் முழிச்சிட்டிருந்தோம். சொன்னா டாக்டரையும் திருடன்னு சொல்வீங்க."

"அப்ப குசுகுசுன்னு பேசினது?"

"அய்யோ, நாங்க சாதாரணமாத்தான்ப்பா பேசினோம்" என்றாள் மகள். "அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும்."

பரிசோதனை அறையில், அந்த மெஷினை எப்போது சரிபார்த்தீர்கள் என்று மெக்கானிக் கேட்கத்தான் செய்தார். அங்கிருந்த பெண் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தாள். மூவாயிரம் வரை மேட்டிலேயே வந்த கோடு அதற்குப் பிறகு கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. இரண்டு காதும் அப்படியே. இருபத்தாறு வருஷ இரைச்சல் தின்ற இடம் அது.

அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே குழியோ அங்கே பாதி அளவு மேடு என்று கணக்குப் போட்டுப் போர்டில் ஏற்றினார். டிவியை இணைத்தார். செய்தி வாசித்த பெண்ணின் வாயிலிருந்து 'ச'வும் 'த'வும் ஊசிமுனை மாதிரி வந்து விழுந்தன. பக்கத்தில் காகிதம் புரளும் ஓசைகூடக் கேட்டது. பிறகு எழுந்து, "வாய்க்குள்ளேயே முனகாதய்யா" என்று தினமும் திட்டித் திட்டி வேறு கிளைக்கு ஓட வைத்த பழைய கூட்டாளிக்குப் போன் போட்டார்.

காதில் மாட்டும் கருவியும் பிறகு வாங்கிக்கொண்டார். ஜெனரேட்டர் அறைக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட்டுக் காதுமூடி போடுகிறார். போடாதவர்களை உள்ளே விடுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தானாகவே வந்து மேஜையில் உட்கார்ந்தாள். "எனக்கும் அந்தச் சத்தத்தை வைங்க. கடையில சிலர் பேசறது எனக்கும் சரியாப் புரியல."

வைத்தார். அவள் கை தூக்கிக்கொண்டே வந்தாள். ஆறாயிரம், எட்டாயிரம், பத்தாயிரம். பன்னிரண்டாயிரத்திலும் கை ஏறியது. மெக்கானிக் அவளையும் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த எண்ணையும் பார்த்தார்.

"திரையைப் பாத்துத்தானே தூக்குற?"

"நான் கண்ணை மூடிட்டிருக்கேங்க!"

"இருக்கட்டும்" என்று லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.