வாளிக்குள் வந்த வேற்று மீன்

பிரெஞ்சுத் தலைநகரில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம், கால்வாயோரம் இருந்த தூண்டில் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. மீன்பிடிப் பருவம் தொடங்கிய முதல் வாரம். வெள்ளிக்கிழமை காலை இரைமீன் தொட்டியைக் கழுவும்போது, கைவலையில் ஒரு மீன் வாயை மேலே தூக்கியபடி கிடந்தது.

நாங்கள் உயிர் இரையாக விற்றது வைரோன் என்ற விரலளவு ஆற்று மீன். அதன் வாய் நேராக இருக்கும். இதற்குக் கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்திருந்தது. செவுளிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு. இப்படி ஒன்றைப் புதன்கிழமை சரக்கு வந்தபோதே கண்டிருந்தேன். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். நேற்று வந்தவள் எனக்கு மீன் சொல்லித்தருகிறாளா என்று சிரிப்பாரோ என நினைத்து, பேசாமல் தொட்டியில் விட்டுவிட்டேன்.

மீன்பிடிச் சங்கம் அனுப்பிய தாள் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அன்றுதான் அதைப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்து வளர்ப்புக் குளங்கள் வழியாகப் பரவும் சிறுமீன். மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்னும். ஒரு நீர்நிலையில் பெருகிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. படத்தில் அதே வாய், அதே கோடு.

முதலாளி சவரிநாதன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் கடை வைத்தவர். அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். முந்தின நாள் அவர் மலை ஏரி ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே கடலுக்கே போகாத சால்மன் உண்டு. சங்கத்தார் எப்போதோ கொண்டுவந்து விட்ட மீன்கள், ஏரியையே கடலாக்கிக்கொண்டு, ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகியிருந்தன. அவர் கொண்டுபோன இரைவாளியை நிரப்பிக் கொடுத்தது நான். மிஞ்சும் இரையை எல்லோரையும் போல அவரும் ஏரியிலேயே கொட்டிவிட்டு வருவார். "பொழச்சுப் போவட்டும்" என்பார்.

அங்கே தொலைபேசி இருந்தது ஏரியைப் பார்த்துக்கொள்ளும் காவலர் வீட்டில் மட்டும். அடித்தேன், எடுக்க ஆளில்லை. கடையைப் பூட்டினேன். என்ன நடந்தாலும் அந்த வாரம் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அடுத்த மாதம் என் வதிவிடக் காகிதத்தைப் புதுப்பிக்க அவருடைய கடிதம் வேண்டும். அது நகரத்திலேயே இருந்த லியோன் நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ரயில், பிறகு பஸ். இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஏரி முழுக்கப் பனிமூட்டம். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எதிர்க்கரை மலை அடிப்பாகம் இல்லாமல் மேலே மிதந்தது. துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு படகு, யாரும் ஓட்டாததுபோல, மெதுவாக வெளியே வந்தது. கத்தினால் அது கலைந்து போய்விடும் என்று தோன்றியது. கையை மட்டும் ஆட்டினேன்.

முசியே படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்.

"என்னம்மா பிலோமினா, கடைய யாரு பாக்குறா?"

"பூட்டிப்போட்டு வந்திட்டன், முசியே."

அவர் வாளியை நகர்த்தி இடம் விட்டார். "ஏறு. கயிறு பின்னால கெடக்கு, நின்னா சிக்கிக்கும். போய்க்கிட்டே சொல்லு."

தூண்டில் கயிற்றைப் படகுக்குப் பின்னால் நீளமாக விட்டு, மெல்ல வலித்துக்கொண்டே போவதுதான் அந்த மீன்பிடிப்பு. கடையில் அதற்கான சாமான்களை நாள்தோறும் விற்றிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். இரண்டு கயிறுகளும் பனிக்குள் போய் மறைந்தன. நான் புதன்கிழமையிலிருந்து தொடங்கினேன். சொல்லச் சொல்லத் துடுப்பு மெதுவானது.

"புதன்கெழமையே பாத்தியா?"

"ஓம். கண்டனான். சொல்லேல்ல."

"ஏன்?"

"நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன்."

அந்த நேரம் ஒரு தூண்டில் தடி வளைந்தது. தூரத்தில் வெள்ளியாக ஒன்று துள்ளி, சத்தமில்லாமல் திரும்ப விழுந்தது. அவர் மீனை மெல்லப் படகோரம் கொண்டுவந்தார். முதுகில் கரும்புள்ளிகள், வயிறு வெள்ளை வெளேரென்று. அதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் அவ்வளவு தூரம் வருகிறார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொக்கியைக் கழற்றிவிட்டு, மீனைத் தண்ணீருக்குள் இரு கையாலும் தாங்கிப் பிடித்தார். அது வாலை ஒருமுறை அசைத்துக் கீழே இறங்கியது.

"வாளியப் பாரு" என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வாய் வளைந்தவை ஐந்து.

"இரையா எதையும் போட்டீங்களோ?"

"போட்டதெல்லாம் செத்த வைரோன். நானே கோத்தது, அது தெரியும். ஆனா நேத்து சாயங்காலம் படகுத்துறையில தண்ணி மாத்தினேன். ரெண்டு வழுக்கி வுழுந்துடுச்சு. என்ன மீனுன்னு பாக்கல."

அவர் கயிறுகளைச் சுருட்டிவிட்டுக் கரைக்கு வலித்தார். ஐந்து மீனை வெளியே சொல்லாமல் புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். காவலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் முசியே நேரே காவலர் வீட்டுக்கு நடந்தார். காவலர் அப்போதுதான் ஓடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முசியே வாளியை அவர் முன்னால் வைத்து, "என் கடையிலிருந்து வந்தது" என்று பிரெஞ்சில் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நான் பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

காவலர் எங்களைத் திட்டவில்லை. மீன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஏரிக்கு இனி நீங்கள் வர முடியாது" என்று முசியேயிடம் சொன்னார். இவர் தொப்பியைக் கழற்றித் தலையசைத்தார். அன்றே படகுத்துறையைச் சுற்றி மீன் பிடிக்கும் கூண்டுகள் இறக்கினார்கள்.

கோடையில் காவலரின் கடிதம் வந்தது. கூண்டில் ஒன்று அகப்பட்டது. மற்றதைக் காணவில்லை, வைரோனாகவும் இருந்திருக்கலாம். அடுத்த வருடமும் கூண்டு வைத்துப் பார்த்தார்கள், குஞ்சு எதுவும் இல்லை. முசியே அந்த ஏரிக்குப் பிறகு போகவே இல்லை. கடையில் உயிர்மீன் விற்பதை நிறுத்தினார். வாடிக்கையாளர் பலர் வேறு கடைக்குப் போனார்கள். கரண்டி போன்ற உலோக இரைகளை விற்கப் பழகிக்கொண்டோம். என் காகிதத்துக்கான கடிதத்தை, ஏரியிலிருந்து திரும்பிய வாரமே, நான் கேட்காமலே எழுதி மேசையில் வைத்திருந்தார்.

அந்தக் கடையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் சொல்லிவந்தேன்: சரக்கில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். ஒன்றுமில்லாததாகவே இருந்தாலும் இருக்கட்டும். நான் சிரிக்க மாட்டேன்.