என் பட்டினியை மாரியம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை

என் வயிற்றில் பிள்ளை இருந்தபோது நான் பட்டினி கிடந்தேன். வீட்டில் சோறு இல்லாமல் இல்லை. ராகி மூட்டை சுவரோரம் சாய்ந்து நின்றது. கொல்லையில் முருங்கை மரம் கிளை ஒடியும்படி தழைத்து நின்றது. கோழிகள் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன. எல்லாம் இருந்தது, எனக்கு மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால் அம்மன் உத்தரவு என்றார்கள்.

மாரியம்மனைக் கும்பிடுகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கும்பிடாதவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். நமக்குச் சிரிக்க உரிமை இல்லை. இந்தக் கூத்து நம் வீடுகளில்தான் நடக்கிறது.

நான் மேட்டூர்ப் பக்கம் பிறந்தவள், எட்டாவது வரை படித்தேன். கட்டிக்கொடுத்தது ராமாபுரத்துக் குடும்பத்தில். அவர்கள் கல் உடைக்கும் வேலைக்காக மைசூருக்கு வந்து, நஞ்சன்கூடு போகிற வழியில் ஒரு கிராமத்தில் வீடு கட்டித் தங்கிவிட்டவர்கள். என் வீட்டுக்காரர் ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஊர்க்கோடியில் தமிழ்ச் சனங்கள் சேர்ந்து கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைக் கூட்டிப் பெருக்கி விளக்குப் போடுவது என் மாமனார். அதிகம் பேசாத மனிதர்.

கல்யாணமாகி மூன்று வருஷம் காத்திருந்து நான் உண்டானேன். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் எனக்கு ஐந்தாவது மாதம். ஆடித் திருவிழாவுக்கு என்று ராமாபுரத்திலிருந்து பெரியத்தை வந்தார். மாமியாரின் அக்கா. அவருக்கு அருள் வரும், குறி சொல்வார். அம்மனுக்குக் கூழ் பிடிக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் பெரியத்தை மேல் இறங்கி வரும்போது அம்மன் கேட்டது எப்போதும் கோழிக் குழம்புதான். அதையும் பெரியத்தை வாய் வழியாகவே சாப்பிட்டாள்.

கூழ் ஊற்றிய அன்று பெரியத்தை என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஆடத் தொடங்கினார். "புள்ள பெருக்குது. பெருத்தா கத்திதான். கத்தி படாம நான் எறக்கித் தரோணும்னா, செவ்வாயும் வெள்ளியும் வெளக்கு வெக்கிற வரைக்கும் இவ தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. மத்த நாளு ஒரு பொழுதுதான்."

ஆபரேஷன் என்றால் எங்கள் வீட்டுக்குப் பேய் மாதிரி. வயிற்றைக் கிழித்தால் அந்தப் பெண் அப்புறம் குடம் தூக்க மாட்டாள் என்று பயம். அந்தப் பயத்தைப் பெரியத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். பிள்ளை சின்னதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஆகவே தாயைப் பட்டினி போடு. இதுதான் அவருடைய மருத்துவம். மாட்டைச் சினையாக வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் தீனியைக் குறைக்க மாட்டார்கள். மாட்டுக்கு உள்ள மரியாதை மருமகளுக்கு இல்லை.

அங்கன்வாடியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மத்தியானச் சாப்பாடும் முட்டையும் போடுகிறார்கள். டீச்சர் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டார். பெரியத்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஆரு கை ஆக்குனதோ, அதை எங்கூட்டுப் புள்ள திங்கோணுமா?" என்று அனுப்பிவிட்டார். கூழ் ஊற்றும்போது அண்டாவில் யார் கை பட்டது என்று அம்மன் கேட்பதில்லை. பெரியத்தை அம்மனைவிட ஒரு படி சுத்தம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரைகள் சாணிக்குழிக்குப் போயின. "இதைத் தின்னா புள்ள கருப்பாப் பொறக்கும்" என்றார். பெரியத்தையும் கருப்பு, என் மாமியாரும் கருப்பு, நாங்கள் கும்பிடுகிற அம்மனும் கருங்கல். கருப்பில் இவர்களுக்கு என்ன குறை வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பெரியம்மா சொல்றாங்கன்னா ஏதாச்சும் இருக்கும்" என்றார். ஏதாச்சும் இருக்கும் என்பதுதான் அவர் படித்த ஒரே வேதம். ஆலையில் ஒரு மெஷின் சத்தம் மாறினால் ஓடிப்போய்ப் பார்க்கிறவர், பெண்டாட்டி மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு பல் விளக்குவார்.

ஆவணி பிறந்தபோது எனக்கு எழுந்தால் கண் இருட்டியது. நகம் வெளுத்துவிட்டது. அதைவிட ஒரு கேவலம், எனக்குத் திருநீறு தின்ன வேண்டும் போல் இருந்தது. கோயிலுக்குப் போனால் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். அள்ளித் தின்னத் தின்ன இன்னும் கேட்கும். ஒருநாள் பெரியத்தை பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பூரித்துப் போனார்.

"பாத்தியா சாந்தா" என்று என் மாமியாரிடம் சொன்னார். "பக்தி முத்திருச்சு. வவுத்துல இருக்கறது சாமிப் புள்ளைடி."

மாமியார் பயந்த சுபாவம். மெல்லத்தான் கேட்டார். "இல்லீங்கக்கா, மயக்கம் வருதுங்கறா. கொஞ்சம் கஞ்சியாச்சும் குடுக்கலாமுங்களா?"

"உண்டானவளுக்கு மயக்கம் வராம உனக்கா வரும்? நாம பெத்துக்கலையா? களை வெட்டிக்கிட்டே பெத்தோம். இவளுக்கு மட்டும் நாக்கு முட்டை கேக்குது."

களை வெட்டிக்கொண்டே பெற்றதில் பாதியைப் பெரியத்தை அந்தக் காட்டு ஓரத்திலேயே புதைத்துவிட்டு வந்தார். அதை அவர் பேச்சில் சேர்ப்பதே இல்லை.

புரட்டாசியில் ஏழாம் மாதம் பிறந்தது. பிள்ளை துள்ளுவது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நான் படுத்ததும் உதைக்கும். இப்போது எப்போதாவது ஒரு நெளிவு. சில நாள் அதுவும் இல்லை. வயிற்றின் மேல் கை வைத்துக் காத்துக் காத்து என் கைதான் மரத்துப் போகும். என் பிள்ளை உள்ளேயே பசியில் சாகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது? அம்மா வீட்டுக்குப் போன் பண்ணினால் பெரியத்தை பக்கத்தில் நிற்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் விரதம் கெட்டுவிடும் என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். மாமனார் வெளியே கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். நான் அம்மன் எதிரில் உட்கார்ந்தேன். விழுந்து கும்பிடத் தெம்பு இல்லை. அழுகைகூட வரவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

"தாயே, பெரியத்தை வாயில் பேசுறது நீதான்னா, நான் பட்டினியாவே கெடக்கறேன், என் புள்ளைய எடுத்துக்க. நீ இல்லைன்னா எல்லார் முன்னாலயும் சொல்லிப்போடு. எனக்குச் சொல்லாதே, எனக்குத் தெரியும். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. வைக்க என்னிடம் என்ன இருந்தது?

அந்த வாரமே வளைகாப்பு. ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். என் அம்மா வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடப் பெரியத்தை விடவில்லை. என்னை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். மாசமானவளுக்குக் கை உப்பும் என்று பெரியத்தை என் கல்யாண அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய வளையலாக வாங்கியிருந்தார். எதிரில் இலை போட்டுப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்தார்கள். வாசனைக்கே எனக்குக் கண்ணில் நீர் வந்தது. கையை நீட்டினேன்.

"அம்மணி, வாயில தொட்டு வெச்சாப் போதும். வெரதம் முறிஞ்சிரும்" என்றார் பெரியத்தை. இலையை அப்படியே மடிக்காமல் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அம்மன் பெயரால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வளைகாப்புச் சோற்றைச் சாப்பிடுகிற வாயைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நெய் வழிந்தது.

பிறகு பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். முதல் மரியாதை பெரியத்தைக்குத்தானே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவர் காலைத் தொட இரண்டு கையையும் கீழே விட்டேன்.

வளையல்கள் வழுக்கின. ஒன்று இரண்டு இல்லை. இரண்டு கையிலும் அடுக்கியிருந்த அத்தனையும் மணிக்கட்டைத் தாண்டி, விரலைத் தாண்டி, பெரியத்தையின் காலடியில் கொட்டின. பாதி உடைந்தன. நான் மொட்டைக் கையோடு குனிந்தபடியே இருந்தேன்.

வளைகாப்பு மணையில் வளையல் உடைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியத்தை முதலில் காலை உதறினார். உடனே தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தார். "குத்தம் நடந்திருக்குது. வெரதத்துல கள்ளத்தனமாத் தின்னிருக்கறா. இனி முழுப் பட்டினி—"

"அக்கா, உக்காருங்க."

சொன்னது என் மாமனார். வாசலில் நின்றவர் உள்ளே வந்திருந்தார். அவர் குரலை அவ்வளவு பேர் நடுவில் நான் கேட்டதே இல்லை. பெரியத்தை இன்னும் ஆடினார்.

"உக்காருங்கன்னேன். ஆடுனது போதும். ரெண்டு மாசமா ஆத்தா உங்க வாயில பேசுனா, நாங்க கேட்டோம். இன்னைக்கு அவளே நேர்ல பேசிட்டா. கள்ளத்தனமாத் தின்ன கையா இது? பாருங்க." என் கையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "எலும்புல வளையல் நிக்குமா? இந்தப் புள்ளைக்குச் சோறு போடுங்கடான்னு ஆத்தா உங்க காலடியில போட்டு ஒடைச்சுக் காட்டறா. இன்னும் எப்படிச் சொல்லோணும் உங்களுக்கு?"

கூட்டத்தில் ஒரு கிழவி, "அது வாஸ்தவந்தான் சாமி" என்றார். அப்புறம் எல்லோரும் அது வாஸ்தவம்தான் என்றார்கள். நேற்றுவரை பெரியத்தையிடம் குறி கேட்டுத் திருநீறு வாங்கித் தின்ற அதே வாய்கள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்கிற சோளத்தட்டுக்கூட்டம். ஆனால் எனக்கு அவர்கள் பேச்சு எதற்கு? என் தாய் பேசிவிட்டாள். அவர்களுக்குப் புரிகிற மாதிரியே பேசிவிட்டாள்.

மாமனாரே ஆட்டோ பிடித்து வந்தார். தசரா நெருங்கிய சமயம், மைசூரில் தெருவெல்லாம் அலங்காரம், வழியெல்லாம் நெரிசல். மாமியார் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெயர் தெரிந்த அம்மனையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் கூப்பிடவில்லை. வயிற்றில் ஒரு அசைவு வருமா என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வயதான டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ஊட்டா மாடல்வா நீ?" என்றார். சாப்பிடுவதில்லையா என்று அர்த்தம்.

"வெரதமுங்க" என்றார் மாமியார்.

டாக்டரம்மா தமிழுக்கு மாறினார். "நானும் சாமுண்டி மலைப் படியேறிப் போறவதாம்மா. எந்த அம்மன் கேட்டா உன்கிட்ட? வயித்துல இருக்கிற குழந்தையும் விரதம்னு எழுதிக் கொடுத்துச்சா? ரத்தமே இல்ல இந்தப் பொண்ணு உடம்புல. திருநீறு, மண்ணு, ஏதாவது திங்கத் தோணுதா?"

நான் தலையசைத்தேன். அது ரத்தம் குறைந்தால் வருகிற நோய் என்றார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். சாமிப் பிள்ளை என்று இரண்டு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே.

வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்கள். ஒரு இடம், இன்னொரு இடம். நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தாயே, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு விட்டுவிடாதே' என்று நினைத்தேன். அப்புறம் கேட்டது. ஓடுகிற குதிரைக் குளம்பு மாதிரி, சின்னதாக, வேகமாக. நான் அன்றைக்குத்தான் அழுதேன்.

ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை வயதுக்குச் சிறுத்திருக்கிறது, இனி சாப்பாட்டில் ஒரு வேளையும் தப்பக் கூடாது, மாத்திரையும் தப்பக் கூடாது, பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும் என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதை மாமனார் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து ஓடிவந்து கட்டில் ஓரம் நின்று, "எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். தெரியாமல் இல்லை, கேட்காமல் போச்சு என்றேன். அடுத்த நாளிலிருந்து முட்டையை அவரே வேகவைத்து உரித்துக் கொண்டுவந்தார். பாதி முட்டை தோலோடு போய்விடும். பரவாயில்லை.

நான் வீடு திரும்பியபோது பெரியத்தை மூட்டை கட்டிக்கொண்டு ராமாபுரம் போய்விட்டிருந்தார். வளைகாப்புப் பலகாரத்தை மறக்காமல் எடுத்துப்போனார்.

முருங்கைக்கீரை, ராகிக் களி, அங்கன்வாடிச் சாப்பாடு, மாத்திரை. இரண்டு வாரத்தில் பிள்ளை பழையபடி உதைக்கத் தொடங்கியது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம், கத்தி படாமல், பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவுதான். ஆனால் பிறந்ததும் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. முத்துமாரி என்று பெயர் வைத்தோம். தாயே, இந்த மூச்சு நீ போட்ட பிச்சை.

பெரியத்தை இப்போது ராமாபுரத்தில், தன் விரதத்தால்தான் பிள்ளை சுகமாகப் பிறந்தது என்று சொல்லி, இன்னும் இரண்டு பெண்களுக்குப் பட்டினி விதித்திருக்கிறாராம். கேள்விப்பட்டதும் மாமனாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டுப் பெண் என்னோடு வந்து ஆஸ்பத்திரி பார்த்துவிட்டுப் போனாள். ஒருத்தியாவது வந்தாளே.

எங்கள் கோயிலில் இப்போது வெள்ளிக்கிழமை முதல் கிண்ணம் கூழ் பிள்ளைத்தாய்ச்சிக்கு. விளக்குப் போடும் முன்பே. "அம்மனுக்குப் படைக்காம எச்சில் பண்றீங்களா?" என்று சில பெரிய பக்திமான்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்கள் யாரும் பசியோடு வந்தவர்கள் இல்லை.

நான் விரதத்தை விடச் சொல்லவில்லை. நானும் ஆடி வெள்ளிக்கு இருக்கிறேன், என் உடம்பு என்னுடையதாக மட்டும் இருக்கும்போது. நம்புங்கள், கேளுங்கள். விழுந்து கும்பிடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடி கேட்டவளுக்கே அவள் பதில் சொன்னாள், உங்களுக்கும் சொல்வாள். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி பசித்துக் கிடந்தால் தாய்க்கு மனம் குளிரும் என்று யாராவது உங்களிடம் வந்து ஆடினால், பயப்படாமல் ஒன்று மட்டும் கேளுங்கள். நீ எந்தத் தாயைச் சொல்கிறாய்? பெற்ற எந்தத் தாய் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்வாள்?