மொட்டை மாடியில் மொகஞ்சதாரோ

கடற்கரைப் பாறையில் நண்டு பிடிக்கப் போய் என் மகன் வலது காலை உடைத்துக்கொண்டது இரண்டாயிரத்து ஆறிலோ ஏழிலோ. அப்போது அவன் ஆறாம் வகுப்பு. தொடைவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். "வீட்டுலயே பாடம் சொல்லிக் குடுங்க சார். பரீட்சைக்கு மட்டும் தூக்கிட்டு வந்துடுங்க," என்றார் டீச்சர், ஏதோ மூட்டையைக் கொண்டுவரச் சொல்வதுபோல.

மனைவிக்குத் தபால் ஆபீஸில் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவாள். எனக்குச் சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றரைக்குத்தான் கம்பெனி பஸ். ஆகவே காலை வாத்தியார் நான் என்று முடிவாயிற்று. கணக்கையும் மற்ற பாடங்களையும் மாலைக்கென்று அவளே வைத்துக்கொண்டாள். என் கணக்கின் லட்சணம் அவளுக்குத் தெரியும். எனக்கு வந்தது டிராயிங்கும் சமூக அறிவியலும். ஆசியாவின் பழைய நாகரிகங்கள்: மெசபடோமியா, சிந்துவெளி, சீனா. நானும் ஒரு காலத்தில் இவற்றைப் படித்துத்தான் பாஸ் செய்திருக்க வேண்டும். எப்படி என்றுதான் நினைவில்லை.

வகுப்பில் இன்னொரு மாணவியும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது படிக்கும் என் மகள். அவள் பள்ளியில் கட்டட வேலை நடந்ததால் சின்ன வகுப்புகளுக்கு மதியம்தான் பள்ளி. அண்ணனுக்கு மட்டும் அப்பா தனியாகக் கதை சொல்கிறார் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மெசபடோமியா சுமுகமாகத்தான் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்கள் ஈரக் களிமண்ணில் குச்சியால் ஆப்பு வடிவத்தில் எழுதினார்கள் என்று படித்தேன். களிமண்ணுக்கு எங்கே போவது? சமையலறையில் மனைவி பிசைந்து மூடி வைத்திருந்த சப்பாத்தி மாவு இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு நாலு உருண்டையைத் தட்டி, தென்னங்குச்சியால் குத்திக் குத்தி எழுதினார்கள். அதை அப்படியே நான் தோசைக்கல்லில் போட்டு எடுத்து ஹாட்பேக்கில் வைத்துவிட்டேன். மறுநாள் மனைவி அதையே டப்பாவில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கூட வேலை செய்யும் அம்மா ஒரு சப்பாத்தியைத் தூக்கிப் பார்த்து, "என்னாடி, உங்க வீட்டுல சப்பாத்திக்கும் முத்திரை குத்துறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதில் என்ன எழுதியிருந்தது என்று மகளைக் கேட்டேன். "அண்ணன் ஒரு எருமைன்னு," என்றாள்.

இந்த வெற்றி எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுத்து சிந்துவெளி. புத்தகத்தில் மொகஞ்சதாரோவின் பெருங்குளம் படம் இருந்தது. சுட்ட செங்கல், இரண்டு பக்கமும் படிக்கட்டு, தண்ணீர் கசியாமல் இருக்கத் தார்ப்பூச்சு. நாங்கள் இருந்தது மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தால் நேரே மொட்டை மாடி. அங்கே ஒரு மூலையில், கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரம்மா அடுக்கி வைத்திருந்த செங்கல் நூறாவது இருக்கும். நான் செங்கல்லைப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வேறு பேச்சே தேவைப்படவில்லை.

அந்தம்மாவை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். நான் ஷிப்டுக்குக் கிளம்பியபின் மனைவி வரும்வரை மகனைக் கீழே தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதும் மதாம்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டான். புத்தகத்தில் இருந்த பூசாரி அரசன் மாதிரி பூப்போட்ட போர்வையை இடது தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒரு நாடாவும் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி உத்தரவு போட ஆரம்பித்தான். "அந்தக் கல்ல எடு. இல்ல, இந்தக் கல்லு." மகள் பத்துக் கல் சுமந்தாள். பதினோராவது கல்லைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"அப்பா, இங்க பாரு. இந்த ஊர்ல அரண்மனையே கெடைக்கல, ராஜா இருந்தாரான்னே தெரியலன்னு போட்டிருக்கு. அப்புறம் இவன் யாரு?"

அதன்பிறகு கல் சுமந்தது நான்தான்.

மண்ணைக் குழைத்து நாலு நாளில் குளத்தைக் கட்டி முடித்தோம். பெருங்குளம் என்று பெயர். ஒரு எருமைக் கன்று படுத்தால் நிறைந்துவிடும். தார்தான் பாக்கி. நல்லவேளையாகப் பக்கத்துத் தெருவில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய பெயின்ட் டப்பாவோடு போய் நின்றேன்.

"இன்னாத்துக்கு சார்? மாடி ஒழுவுதா?" என்று கேட்டார் தார் காய்ச்சுகிறவர்.

"இல்லண்ணே, பசங்களுக்குப் பாடம்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரை டப்பா ஊற்றினார். "ரெண்டு நாளு காய வுடுங்க. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தாதீங்க," என்றார்.

இரண்டு நாள் என்பது பிள்ளைகளுக்கு ரொம்ப அதிகம். எனக்கும்தான். மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். பதினெட்டு வாளி. குளம் தளும்பி நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோப்புக் கம்பெனியில் எத்தனையோ தொட்டி நிரப்பியிருக்கிறேன். அன்று வந்த பெருமை ஒருநாளும் வந்ததில்லை.

"நான்தான் மொதல்ல எறங்குவேன்," என்றான் மகன்.

"மாவுக்கட்டு நனையக் கூடாதுடா."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் படியில் இறங்காமல் மேலிருந்து குதித்தாள். குளத்தின் தெருப் பக்கச் சுவர் அப்படியே சாய்ந்தது. பதினெட்டு வாளித் தண்ணீரும் செம்மண்ணையும் தாரையும் கூட்டிக்கொண்டு மாடியைக் கடந்து, மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவாசலில் கொட்டியது. பிரான்சிலிருந்து அக்கா வருகிறார் என்று மதாம் அந்த வாசல் சுவருக்குப் போன வாரம்தான் வெள்ளையடித்திருந்தார். குழாய்க்கு நேர் கீழே குருசுக்குப்பத்து மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்திருந்தார். எதிரே நின்று மதாம் சங்கரா மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் கேட்டது மீன்காரம்மாவின் குரல்தான். "யம்மாடி! மேல எருமையா கழுவுறீங்க?"

அடுத்தது மதாம். "மோன் தியே! கடவுளே, என் செவுரு!"

எட்டிப் பார்த்தேன். சுவரில் காவியும் கறுப்புமாகக் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மதாமின் கையில் ஒரு மீன் இருந்தது, அதன் மேலும் சேறு.

"தம்பி, என்னா அது மேல?"

என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "மொகஞ்சதாரோ மதாம்."

"யாரு அது? எனக்குத் தெரியாம மாடியில ஆளக் குடி வெச்சிருக்கியா?"

மீனைக் கூடையில் போட்டுவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். இடிந்த குளத்தைப் பார்த்தார். முழங்கால்வரை தாரோடு நின்ற மகளைப் பார்த்தார். கடைசியில், போர்வையும் நாடாவுமாக இன்னும் கண்ணைப் பாதி மூடியே உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். பயத்தில் அவனுக்குக் கண் அப்படியே நின்றுவிட்டது.

"இவன் ஏன் இப்படி உக்காந்திருக்கான்? காய்ச்சலா?"

நான் புத்தகத்தை நீட்டினேன். வேறு சாட்சி என்னிடம் இல்லை. மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை முழுக்கப் படித்தார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து என் மூக்கருகே கொண்டுவந்தார்.

"இதப் படிச்சியா நீ? தண்ணி போறதுக்கு மூடின வடிகால் கட்டியிருந்தானாம். எத்தினி ஆயிரம் வருசத்துக்கு முந்தி! நீ வடிகாலே இல்லாம தொட்டி கட்டியிருக்கியே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகன் பேச்சை மாற்றப் பார்த்தான். "அந்த ஊர விட்டு எல்லாரும் ஏன் போனாங்கன்னு இன்னும் கண்டுபிடிக்கலியாம், மதாம்."

மகள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க."

மதாம் சிரிக்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தார். உதட்டைக் கடித்தார், கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை செவுரு வெள்ளையா இருக்கணும்," என்றார்.

மீன்காரம்மாவின் மீன் மொத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டேன். மகளின் காலில் ஒட்டிய தாரை எடுக்க அரை பாட்டில் தேங்காயெண்ணெய் போயிற்று. அன்று மதியம் அவள் பள்ளிக்குப் பொரித்த அப்பளம் மாதிரி மணத்துக்கொண்டு போனாள். மாவுக்கட்டின் மேல் அவளுடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. எப்போது பதித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளையடிக்க, மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டே கீழிருந்து மகனுக்குச் சீனாவை நடத்தினாள். பட்டு, காகிதம், எலும்பில் எழுதிய எழுத்து. ஒன்றரை மணி நேரத்தில் பாடம் முடிந்தது. ஒரு செங்கல்கூட நகரவில்லை.

பரீட்சைக்கு அவனைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். பெருங்குளம் பற்றிக் குறிப்பு வரைக என்று ஐந்து மார்க் கேள்வி வந்திருந்தது. பையன் கூடுதல் தாள் இரண்டு வாங்கி எழுதியிருக்கிறான். தார் காய எத்தனை நாள் ஆகும், எந்தப் பக்கச் சுவர் முதலில் விழும், எல்லாம். அதற்கு முழு மார்க். மற்ற கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. மொத்தம் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். சமூக அறிவியலையும் இனி மாலையில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு டிராயிங் மட்டும் மிஞ்சியது.