பிரெஞ்சில் ‘சாப்பிட்டாளா?’

‘மான்ஜே’ என்றால் சாப்பிடுதல். என் நாட்குறிப்பில் அந்த வினைச்சொல்லை ஆறு வரிகளாக எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தில் ஐந்து வடிவங்கள், வாயில் மூன்றுதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வரும் ‘மான்ஜ்’ என்றே சாப்பிடுகிறார்கள். நாம் ‘மான்ஜோன்’, நீங்கள் ‘மான்ஜே’. எனக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: ‘எல் அ மான்ஜே?’ அவள் சாப்பிட்டாளா?

அவள் எங்கள் மகள். பிரான்சுக்கு வேலைக்குப் போய் அங்கேயே மணம் முடித்தவள். ஐந்தாம் மாதமாகியும் மசக்கை விடவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. என் மனைவி கேட்டால் “சாப்பிட்டேம்மா” என்பாள். முகம் வேறு சொல்லும். அதனால், மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அவள் மாமியாரிடம் கேட்பதென்று முடிவு செய்தோம். அவருக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். தேனி அலுவலகத்திலிருந்து திரும்பியதும் தினமும் ஒரு மணி நேரம், இரண்டு வாரம், செல்போனில் பாடம் கேட்டேன்.

பன்னிரண்டு நாட்கள், மாலை ஆறு மணிக்கு, அதே கேள்வியைக் கேட்டேன். பதிமூன்றாம் நாள் அவர் போனை எடுக்கவில்லை. மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, அத்தைகிட்ட தினமும் என்னத்தக் கேக்குறீக? எனக்குச் சோறு போடலன்னு அவுக மேல சந்தேகமான்னு நேத்து அழுதுட்டாக.”

மனைவி என்னைப் பார்த்தாள். “நோட்டுல எழுதி எழுதிப் படிச்சது சம்பந்தியம்மாவ அழ வைக்கத்தானா?”

“நீதானே கேக்கச் சொன்ன?”

“கேக்கச் சொன்னேன். போலீஸ்காரர் மாதிரியா கேக்கச் சொன்னேன்?”

எங்கள் பிள்ளைக்கு அங்கே பகலெல்லாம் இருந்த ஒரே துணையைப் புண்படுத்திவிட்டோம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு வீடியோவில் மகளைக் கூப்பிட்டு, மாமியாரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். போனைத் தெருப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறுபது அடிக்குள் மூன்று பேர்.

“என்ன சார், சாப்பிட்டாச்சா?” என்றார் துணி தேய்ப்பவர்.

“சாப்பிட்டீகளாண்ணே? அண்ணி என்ன கொழம்பு?” என்றார் எதிர்வீட்டு அம்மா.

ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே, “சாப்பாடெல்லாம் ஆச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றையும் மகள் பிரெஞ்சில் சொன்னாள். பிறகு சம்பந்தியம்மா கேட்டதை மகள் சிரித்துக்கொண்டே தமிழாக்கினாள்: “அப்ப, உங்களுக்குச் சோறு போடலன்னு உங்க தெருவே அம்மா மேல சந்தேகப்படுதா?”

மறுநாளிலிருந்து அவரே கூப்பிடுகிறார். நாங்கள் கேட்குமுன் சொல்கிறார். என் மனைவி வீடியோவில் செய்து காட்டிய கஞ்சியை, அவர் அங்கே கிடைக்கும் அரிசியில் வைக்கிறார். முதலில் நான்கு ஸ்பூன், போன வாரம் அரைக் கிண்ணம், நேற்று ஒரு கிண்ணம் முழுவதும். மகளின் எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. விசா இன்னும் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு நானும் மனைவியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கிண்ணத்தைத் திரையில் கவிழ்த்துக் காட்டுகிறார் அந்த அம்மா.