பெரியம்மாவின் இரண்டாம் குரல்

அம்மா சிங்கப்பூரில் வேலை பார்த்த வருடங்களில் நான் மலேசியாவில், ஈப்போ நகரில் பெரியம்மாவிடம் வளர்ந்தேன். அம்மாவின் அக்கா, தனி ஆள். சமையலறையில் நின்றால் அவர் வாய் சும்மா இருக்காது, ஏதாவது ஞானப்பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். மேலே ஏறப் பார்த்து, ஏறாமல், சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், யாரிடமோ கோபித்துக்கொண்டு கூடத்தில் உலாத்துகிறவர் போல. நான் அதை ரசித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த பாட்டு அதுதான். தேவாலயத்திலும் அவரை ஒட்டியே உட்காருவேன் என்பதால், சபை என்ன பாடினாலும் என் காதில் விழுந்தது அவர் குரல் மட்டுமே.

ஏழு வயதில், கிறிஸ்மஸ் விழாவில் தனியாகப் பாடப் பெயர் கொடுத்தேன். யாரிடமும் பாடிக் காட்டவில்லை. பெரியம்மா பாடுவதை அப்படியே பாடத்தான் எனக்குத் தெரியுமே!

அன்று அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். “ஹைவேல ஜாம்லா, லேட்டாகும் போல இருக்கு” என்று போன் செய்தார். அவர் வருவதற்குள் என் முறை வந்துவிட்டது.

முதல் அடியிலேயே முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது அடியில் பெரியவர்களும் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். “மெட்டே வேற லா” என்று யாரோ சொன்னது மேடை வரை கேட்டது. பெரியம்மா பதறி எழுந்து எனக்குத் துணையாகப் பாடினார். பாவம், அவசரத்தில் அவருக்கும் அதேதான் வந்தது. தப்பாகப் பாடுகிறவர்கள் இப்போது இரண்டு பேர் ஆனோம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, வாசலிலிருந்து ஒரு குரல் எங்களுக்கு மேலே எழுந்தது. தோளில் பையோடு அம்மா. எல்லோருக்கும் தெரிந்த மெட்டை அவர் பாடினார். கீழே நாங்கள் எங்களுடையதைப் பாடினோம். சத்தியமாக நான் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. ஆனால் பாட்டு மாறிவிட்டது. இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அந்தச் சுரங்களில் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. சிரிப்பு அடங்கியது. முன்னால் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. பயம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“தப்பா பாடிட்டேனாம்மா?” என்று இறங்கி வந்ததும் கேட்டேன்.

“இல்ல கண்ணு. நீ பாடுனது ரெண்டாங்குரல். சின்ன வயசுல ரப்பர் தோட்டத்துச் சர்ச்சுல நான் மேல பாடுவேன், பெரியம்மா கீழ பாடும். அத மட்டும் தனியா கேட்டா அப்படித்தான் இருக்கும்.”

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “பிள்ளைக்கு முழுப் பாட்டுன்னு சொல்லி இத்தன நாளா பாதியத்தான் குடுத்துருக்கேன்டி.”

இருந்த கொஞ்ச நாளும் அம்மா எனக்கு மேல்குரலைச் சொல்லிக் கொடுத்தார். எங்காவது கூட்டிப் போகச் சொன்னால், “இன்னொரு வாட்டி பாடு, அப்புறம் போலாம்” என்பார். நானும் மும்முரமாகக் கற்றேன். அடுத்த விழாவில் யாரும் சிரிக்கக் கூடாதல்லவா?

கிளம்பும் அன்று பஸ் நிலையத்தில் அம்மா குனிந்து என் காதோடு சொன்னார்: “நாளைக்கு பெரியம்மா சமைக்கிறப்ப எனக்குப் பதிலா நீ மேல பாடு. தினமும் பாடணும், என்ன?”

“விழாதான் அடுத்த வருஷமாச்சேம்மா,” என்றேன் உரக்க, “அதுக்குள்ள எதுக்கு?”

அம்மா நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா, வழியில் குடிக்கத் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைப்பக்கம் வேகமாக நடந்துவிட்டார்.