பேச்சாளர் இரண்டு

சங்கரா மீன் எண்ணெயில் விழும்போது முதலில் ஒரு சீறல், பிறகு நீண்ட முணுமுணுப்பு, திருப்பிப் போட்டதும் சற்றே அடங்கிய இன்னொரு சீறல். மேற்குத் தாம்பரத்து வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்கு இந்த வரிசையில்தான் காதில் இருக்கின்றன. அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றாள். ஞாயிறு மதியம் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்து, வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்ததைப் பொரிப்பாள், பொரித்துக்கொண்டே பேசுவாள். எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, மீனே போதும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். மொழிமேல் இருந்த தீராக் காதல் என்று பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வேறு எந்தத் துறையும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காலை மின்சார ரயில் பரங்கிமலையைத் தாண்டும்போது என் தமிழ் மெல்ல வெளுக்கத் தொடங்கும். வகுப்பு வாசலை அடைந்தபின் ‘ஆக்சுவலி’ என்று ஆரம்பிக்காமல் நான் வாயைத் திறந்ததில்லை. மாலையில் தாம்பரத்தில் இறங்கினால் எல்லாம் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இருமொழியம் என்ற பாடத்தில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி விரிவாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த இப்படிப்பட்டவன் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முரளி என் வகுப்பு, சேலையூர்க்காரன், ஒரே ரயில். வீட்டில் முட்டை என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் உச்சரிக்கிற குடும்பம். அதனாலேயோ என்னவோ ஒருமுறை வந்து ருசி பார்த்தவன், பிறகு ஞாயிறுதோறும் வந்தான். துணிப்பையைச் சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்காருவான். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“முள்ளு பாத்துத் துன்னு நைனா. உன்னுது வெஜ்ஜு தொண்டை, டேஞ்சராப் பூடும்!”

அவன் சிரிப்பான். என் வீட்டுக்கு வந்த ஒரே கல்லூரி நண்பன் அவன்தான். நான் வேறு யாரையும் அழைக்கத் துணிந்ததில்லை. அவனிடம் மட்டும் இரண்டு நிறத்தையும் காட்டலாம் என்று நம்பினேன்.

பருவத்தின் இறுதியில் செமினார். மொழிக் கலப்பு பற்றி முரளி பேசினான். பேசி முடித்துவிட்டு அதே துணிப்பையிலிருந்து ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினான். முதலில் ஒரு சீறல், பிறகு நீண்ட முணுமுணுப்பு. வகுப்பில் மற்றவர்கள் டேப் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தார்கள். எனக்கு இன்ன மீன் என்பதுவரை தெரிந்துவிட்டது.

“இன்னாடா மரம் மாரி நின்னுகினு கீறே? ஃபிரண்டு வந்துகீறான், தட்டு எட்த்துனு வா. கொஞ்சம் டீசன்டா நடந்துக்கோ!”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அடுத்து ஒரு ஆண் குரல்: “தோ வரேம்மா, சும்மா இன்னாத்துக்குப் பேஜார் பண்றே?” சிரிப்பு நின்று, எல்லாத் தலைகளும் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. திரையில் எழுதியிருந்தது: பேச்சாளர் ஒன்று, பெண், மீன் வியாபாரம். பேச்சாளர் இரண்டு, ஆண், மாணவர்.

பேராசிரியை மகிழ்ந்துபோனார். “மைக்கைப் பார்த்தாலே ஜனங்க மாத்திப் பேசுவாங்க. இவ்வளவு இயல்பா எப்படிக் கிடைச்சுது?”

“சண்டே சண்டே போய்ப் பழகினேன் மேடம்,” என்றான் முரளி.

பழகினானாம். அந்தச் சொல்லை நான் அதுவரை வேறு பொருளில் வைத்திருந்தேன்.

ரயில் நிலையத்தில் அவனைப் பிடித்தேன். “மச்சான், உன் பேரைச் சொன்னேனா? நம்பர்தானே போட்டேன்?” என்றான், நிஜமாகவே புரியாமல். “சொல்லிட்டு ரெக்கார்டு பண்ணியிருந்தா உங்கம்மா நியூஸ் வாசிப்பாங்கடா.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதிவு செய்ததைப் பேசியவருக்குப் போட்டுக் காட்டுவதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மரியாதை விஷயத்தில் முரளி கறார். அடுத்த ஞாயிறு, நான் தடுக்கத் தடுக்க, அம்மா முன்னால் அந்தக் கருவியை வைத்தான். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “தோடா, நானு!”

“கிளாஸ்ல எல்லாரும் ரசிச்சாங்கம்மா. ஒரே சிரிப்பு!”

அம்மாவின் கை வாயிலிருந்து மெதுவாக இறங்கியது. அவனை அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“நீயும் அங்கதான் குந்தினு இருந்தியா?”

“எனக்கே தெரியாதும்மா,” என்றேன். அது உண்மை. ஆனால் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தது யார், ஒரே வகுப்பில் படிப்பது யார் என்றெல்லாம் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் உண்மைக்கு இடமில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, “சாப்பிடுங்க தம்பி,” என்றாள் அவனிடம். ‘துன்னு நைனா’ அன்றோடு முடிந்தது. முரளியும் இன்னும் இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டான். ஆய்வுக்கு உதவாத மீன்போலும்.

அன்று முதல் என்னிடமும் அதே தமிழ்தான். “சாப்பிட்டாயா?” “எப்போது வருவாய்?” கேலிக்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். வாரங்கள் போயின, வருடங்கள் போயின, மாறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட என்னிடம், “தண்ணீர் கொடு,” என்று திருத்தமாகத்தான் கேட்டாள்.

இப்போது நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. தாம்பரத்து வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. அந்த டேப் ரெக்கார்டரைப் போன்ற கருவியைப் பழைய சாமான் கடையில்கூடப் பார்க்க முடிவதில்லை. முரளி எங்கோ வெளிநாட்டில் பேராசிரியர். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், நானும் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவேன். அம்மா மார்க்கெட்டை விட்டு நாளாயிற்று. ஆனால் ஞாயிறு மதியம் மட்டும் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சங்கரா எண்ணெயில் விழும், போன் ஸ்பீக்கரில் சின்னம்மா இருப்பாள். “அத்த ஏன் கேக்கறே, லிஃப்ட்டு ரிப்பேராகிக் கீது, பேஜாரு!” என்று அம்மாவின் குரல் சீறலுக்கு மேலே எழும்பும்.

நான் அடுப்படிக் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நிற்பேன். தட்டு உள்ளேதான் இருக்கிறது, பசியும் இருக்கிறது. உள்ளே காலை வைத்தால், “வா, உட்கார்,” என்பாள். அதனால் மீன் திரும்பி இரண்டாவது சீறல் அடங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.